சவுல் மன்னனும் கேட்டல் அறமும்

பழைய ஏற்பாட்டு வரலாற்று நூல்களுள் ஒன்றாகிய சாமுவேலின் முதல் நூல், இஸ்ரவேலரின் முதல் மன்னனாகிய சவுலின் உயர்வையும் வீழ்ச்சியையும் விரித்துரைப்பது. அவன் ஆட்சி கி.மு. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்ததென ஆராய்ச்சியாளர் பொதுவாகக் கொள்வர். கிறித்தவ சமயப் பொழிவுகளில் சவுல் பெரும்பாலும் கீழ்ப்படியாமைக்கு ஓர் எடுத்துக்காட்டாகவே நிறுத்தப்படுகின்றான். அங்ஙனம் நிறுத்துவது தவறன்று; ஆயினும் போதாது. நூலை ஊன்றிப் படிப்பார் எவருக்கும் ஓர் ஐயம் எழாமற் போகாது. சவுல் செய்த பிழைகளாகச் சாமுவேல் எடுத்துரைப்பன இரண்டு: உரிய காலம் வரை பொறாது பலி செலுத்தியமை ஒன்று, அழிக்குமாறு பணிக்கப்பட்ட கால்நடைகளுள் நல்லனவற்றையும் பகைமன்னனையும் தப்பவிட்டமை மற்றொன்று. இவற்றால் அவன் அரசுரிமை இழந்தான். அவனுக்குப் பின் வந்த தாவீதோ பிறன்மனை நயந்தான்; அவள் கணவனைப் போர்முனையில் மடியச் செய்தான்; எனினும் அரியணை இழந்திலன். சிறுபிழைக்குப் பெருந்தண்டமும் பெரும்பிழைக்கு மன்னிப்புமாக அமைந்த இம்முறை நடுவுநிலை உடையதாகுமோ?

இவ்வினாவுக்கு விடை நூலின் உள்ளேயே உளது. அவ்விடை ஒரு வினைச்சொல்லின் ஆட்சியைப் பற்றி நிற்கின்றது. அச்சொல்லை இனங்கண்டு, அதன்வழிச் சவுலின் பிழைகளை முறையே ஆராய்ந்து, அவற்றால் கிறித்தவர் பெறத்தக்க படிப்பினை யாது என வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கேள் என்னும் சொல்

தமிழில் 'கேள்' என்னும் வினை பல பொருள் தருவது. செவியால் ஒலியை ஏற்றல் ஒரு பொருள். ஒருவர் சொல்வழி நடத்தல் மற்றொரு பொருள். வினவுதலும் வேண்டுதலும் வேறு பொருள்கள். 'மகன் தந்தை சொல்லைக் கேட்கின்றான்' என்புழிக் கேட்டல் என்பது கீழ்ப்படிதலேயாம். எபிரேய மொழியில் 'ஷாமா' என்னும் வினை முதலிரு பொருளையும் ஒருங்கே உணர்த்துவது. செவியுறுதலும் பணிதலும் அம்மொழியில் ஒரு சொல்லே. வினவுதலுக்கும் வேண்டுதலுக்கும் 'ஷாஅல்' என்னும் வேறொரு வினை உண்டு. எபிரேயம் இரு சொல்லால் உணர்த்தும் பொருளைத் தமிழ் ஒரு சொல்லால் உணர்த்துகின்றது. ஆதலின் சவுலின் வரலாற்றை உணர்தற்குத் தமிழ் மாணவர்க்கு ஒரு நல்வாய்ப்பு அமைந்துள்ளது.

சவுல் என்னும் பெயரே 'ஷாஅல்' என்னும் வினையடியாகப் பிறந்தது. 'கேட்கப்பட்டவன்' என்பது அதன் பொருள். பிற நாட்டார்க்கு உள்ளது போல் தமக்கும் ஓர் அரசன் வேண்டுமென மக்கள் சாமுவேலிடம் கேட்டனர். அவர் கேட்டுப் பெற்ற மன்னன் கேட்கப்பட்டவன் என்னும் பெயரினனாகவே வந்தான். அரசனும் மக்களும் இறைவன் குரலைக் கேட்டு நடத்தல் வேண்டும் என்பதே அவ்வாட்சிக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. 12ஆம் அதிகாரத்தில் சாமுவேல் ஆற்றும் விடையுரையின் சாரம் இதுவே. கேட்டுப் பெறப்பட்டவன் தான் கேட்பானோ என்பதே அதன் பின்னர் நிகழும் கதையனைத்திற்கும் அடிப்படை வினாவாகின்றது.

இவ்விடத்து ஓர் ஒப்புமை கருதத்தக்கது. திருவள்ளுவரும் கேள்வி என்னும் அதிகாரத்தை அரசியலுள் வைத்தார். கேட்டல் அரசனுக்கு இன்றியமையாத பண்பு என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன. எனினும் வேற்றுமையும் உண்டு. வள்ளுவர் கூறும் கேள்வி சான்றோர்பால் அறிவு பெறுதலைக் குறித்தது. சாமுவேல் நூல் கூறும் கேட்டலோ கட்டளைக்கு உடன்பட்டு ஒழுகுதலைக் குறித்தது.

2. நல்ல தொடக்கம்

சவுல் தீயவனாகத் தொடங்கவில்லை. பென்யமீன் குலத்துக் கீஸ் என்பானின் மகனாகிய அவன், தந்தையின் காணாமற்போன கழுதைகளைத் தேடிச் சென்ற இடத்தே சாமுவேலைக் கண்டான். அரசனாக எண்ணெய் வார்க்கப்பெற்றான். மிஸ்பாவில் சீட்டு அவன்மேல் விழுந்தபோது பொருள் மூட்டைகளிடையே ஒளிந்திருந்தான். தன்னை இகழ்ந்தாரை நோக்கி ஒன்றும் கூறாது அமைந்தான். அம்மோனிய மன்னனாகிய நாகாஸ் யாபேஸ் கிலேயாத்து நகரினரின் வலக்கண்களைப் பிடுங்குவதாக அச்சுறுத்திய காலத்து, விரைந்து படை திரட்டி அவர்களை மீட்டான். வென்றபின், தன்னை இகழ்ந்தாரைக் கொல்லவேண்டுமெனச் சிலர் கூறியபோது அதற்கு இசைந்திலன்.

அடக்கமும் வீரமும் பொறையும் உடைய ஒருவன் இறுதியில் வீழ்ந்தான் என்பதே இவ்வரலாற்றின் கடுமை. தொடக்கத்துப் பணிவு முடிவுக்குக் காப்பாகாது என்பதைக் கிறித்தவர் முதற்கண் உளங்கொளல் வேண்டும்.

3. கில்காலில் நிகழ்ந்தது

சாமுவேல் வரும்வரை ஏழு நாள் கில்காலில் காத்திருக்குமாறு சவுல் பணிக்கப்பட்டிருந்தான். பெலிஸ்தர் தேரும் குதிரையும் திரளான காலாட்படையுமாக மிக்மாசில் பாசறை அமைத்தனர். இஸ்ரவேலர் நாட்டில் கொல்லர் இலராகப் பெலிஸ்தர் செய்திருந்தமையால், சவுலும் அவன் மகன் யோனத்தானும் ஒழிந்த வீரர் கையில் வாளும் ஈட்டியும் இல்லை. படையினர் நாளுக்கு நாள் கலைந்து சென்றனர். இறுதியில் எஞ்சியவர் ஏறத்தாழ 600 பேரே. ஏழாம் நாளும் சாமுவேல் வரக் காணாத சவுல் தானே பலி செலுத்தினான். செலுத்தி முடித்த அளவில் சாமுவேல் வந்து சேர்ந்தார்.

குருவுக்குரிய தொழிலை அரசன் கவர்ந்துகொண்டதே இங்குக் குற்றம் எனப் பலர் கூறுவர். நூல் அவ்வாறு வெளிப்படையாகக் கூறவில்லை. பின்வந்த தாவீதும் சாலொமோனும் பலி செலுத்தியதாகவே நூல்கள் கூறுகின்றன. அதன்பொருட்டு அவர்கள் கடியப்படவில்லை. சாமுவேல் எடுத்துக்காட்டும் குற்றம், கட்டளையைக் காத்திலன் என்பதே. சவுல் கூறும் காரணங்களோ மூன்று: மக்கள் சிதறினர், சாமுவேல் காலந்தாழ்த்தார், பகைவர் திரண்டனர். மூன்றும் மெய்யே. ஆயினும் மூன்றும் பிறரைச் சுட்டுவன. இறுதியில், தன் மனத்தைத் தானே வலிந்து இச்செயலைச் செய்ததாகவும் கூறுகின்றான். அச்சத்தால் செய்த ஒன்றுக்கு வழிபாட்டின் பெயரைச் சூட்டினான் என்பது இதனால் விளங்கும்.

4. மன்னன் இட்ட ஆணை

14ஆம் அதிகாரத்தில் வழிபாட்டுணர்வு வேறொரு வடிவில் பிழையாகின்றது. போர் நடக்கும் நாளில், மாலைக்குமுன் உணவு கொள்பவன் சபிக்கப்பட்டவன் என்று சவுல் படையினர்க்கு ஆணையிட்டான். இறைவன் அதனைக் கேட்டிலர்; மன்னனே பிறர்மீது சுமத்திய நோன்பு அது. ஆணையை அறியாத யோனத்தான் காட்டில் தேனைக் கோலின் நுனியால் தொட்டு உண்டான். பசியால் சோர்ந்த வீரரோ மாலையானதும் கொள்ளையிட்ட கால்நடைகளைக் குருதியோடு உண்டு, திருச்சட்டத்தையே மீறினர். சவுல் தன் மகனைக் கொல்லவும் துணிந்தான். அப்போது மக்கள் குறுக்கிட்டு யோனத்தானைக் காத்தனர்.

இந்நிகழ்ச்சி ஒரு முதன்மையான குறிப்பைத் தருகின்றது. மக்கள் குரலைக் கேட்டல் எஞ்ஞான்றும் பிழை என்று கொள்ளுதல் பொருந்தாது. இவ்விடத்து மக்கள் குரலே நேரியது. அரசன் வேண்டுமென மக்கள் கேட்டபோதும், அவர்தம் குரலைக் கேட்குமாறு இறைவனே சாமுவேலைப் பணித்தார். ஆகவே, கேட்கப்பட்ட குரல் யாருடையது என்பதனோடு, எக்காரணத்தால் கேட்கப்பட்டது என்பதும் ஆராயத்தக்கது.

5. ஆடுகளின் குரல்

15ஆம் அதிகாரமே வரலாற்றின் திருப்பம். இதன்கண் 'ஷாமா' என்னும் வினையும், குரலைக் குறிக்கும் 'கோல்' என்னும் எபிரேயப் பெயரும் மீண்டும் மீண்டும் வருகின்றன. இக்'கோல்' தமிழ்ச் செங்கோலோடு ஒலியளவில் ஒத்ததன்றிச் சொற்பிறப்பால் உறவுடையதன்று. இறைவன் சொற்களின் குரலைக் கேட்குமாறு சாமுவேல் மன்னனைப் பணிப்பதோடு அதிகாரம் தொடங்குகின்றது. போர் முடிந்தபின், கட்டளையை நிறைவேற்றிவிட்டதாகச் சவுல் கூறுகின்றான். அங்ஙனமாயின் தன் செவியில் விழும் ஆட்டுக்குரல் யாது எனச் சாமுவேல் வினவுகின்றார். இறுதியில் சவுல், மக்களுக்கு அஞ்சி அவர்தம் குரலைக் கேட்டதாக ஒப்புக்கொள்கின்றான். இறைவன் குரல், ஆட்டின் குரல், மக்கள் குரல் என ஒரே சொல் மூவிடத்தும் நின்று மன்னனின் செவி எப்பால் சாய்ந்தது என்பதைக் காட்டுகின்றது. தமிழ்ப் பெயர்ப்பில் இடத்திற்கேற்பச் சத்தம் என்றும் சொல் என்றும் பெயர்க்கப்படுதலின் இத்தொடர்பு எளிதில் புலப்படுவதில்லை.

இப்பகுதியில் அறநெஞ்சினர் எவர்க்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. அமலேக்கியர் அனைவரையும் அழிக்குமாறு கூறும் கட்டளை நம் உள்ளத்தை நடுங்கச் செய்வது. அதனை இக்காலத்தார் எச்செயலுக்கும் சான்றாகக் கொள்ளுதல் ஆகாது. பகைவரையும் நேசிக்குமாறு கற்பித்தவரைப் பின்பற்றுவோர்க்கு அஃது ஒருபோதும் இயையாது. ஆயினும், சவுல் இரக்கத்தால் கட்டளையை மீறினான் எனக் கருதுவார்க்கு நூல் இடந்தரவில்லை. அவன் எளிய மக்களைக் கொன்றான். தப்பவிட்டது மன்னன் ஆகாக்கையும் கொழுத்த கால்நடைகளையுமே. அன்றியும் கர்மேல் என்னும் ஊரில் தனக்கென வெற்றிச்சின்னம் ஒன்றை நாட்டினான். அவனை ஈர்த்தது அருளன்று, பொருளும் புகழுமே.

அவன் கூறும் மறுமொழியிலும் இரு கூறுகள் நோக்கத்தக்கன. கால்நடைகளைத் தப்பவிட்டவர் மக்கள் என அவன் கூறுகின்றான். நூலாசிரியரோ தப்பவிட்டவராகச் சவுலை முதலிலும் மக்களை அவனுக்குப் பின்னும் வைத்துரைக்கின்றார். அவை பலியிடுவதற்கென வைக்கப்பட்டன எனக் கூறும் சவுல், இறைவனைத் தன் கடவுள் என்னாது சாமுவேலின் கடவுள் என்றே சுட்டுகின்றான். அவ்வதிகாரத்தில் மும்முறை இச்சுட்டு வருகின்றது. வழிபாட்டைப் பற்றிப் பேசும் நாவே வழிபடப்படுபவரிடமிருந்து விலகி நிற்றலை இது காட்டிக்கொடுக்கின்றது. பலியினும் கேட்டலே மேம்பட்டது என்னும் கருத்துப்படச் சாமுவேல் தரும் விடை, இந்நூல் முழுமைக்கும் நடுவண் நிற்பதாகும்.

6. நோபு முதல் எந்தோர் வரை

கோலியாத்தை வென்ற தாவீதை மகளிர் தன்னினும் மிகுத்துப் பாடக் கேட்ட நாள்முதல் சவுலின் நெஞ்சில் அழுக்காறு குடிகொண்டது. 19ஆம் அதிகாரத்தில் யோனத்தானின் குரலைக் கேட்டு, தாவீதைக் கொல்வதில்லை எனச் சூளுரைத்தான். சின்னாளில் அதனை மறந்து ஈட்டியெறிந்தான். தாவீதுக்கு உணவளித்தமையால் நோபு என்னும் ஊரின் குருமாரைக் கொல்லுமாறு ஏவினான். அவன் காவலர் அதற்கு இசைந்திலர். ஏதோமியனாகிய தோவேக்கு அதனைச் செய்தான். எபிரேய மூலத்தின்படி மாண்ட குருமார் 85 பேர். அவ்வூரின் ஆடவர், பெண்டிர், குழந்தைகள், மாடு, கழுதை, ஆடு ஆகிய அனைத்தும் அழிக்கப்பட்டன என நூல் வரிசைப்படுத்துகின்றது. அமலேக்கியர் குறித்த கட்டளையில் வரும் வரிசையை இது நினைவூட்டுவது. இறைவன் குரலுக்கு முழுமையாகப் பணியாதவன் தன் வெகுளியின் குரலுக்கு முழுமையாகப் பணிந்தான். கேளாமை என்பது வெறுமை அன்று. ஒரு குரலைக் கேளாதவன் பிறிதொரு குரலைக் கேட்டே தீர்வான்.

காட்டிலும் குகையிலும் இருமுறை தாவீது சவுலைக் கொல்லாது விடுத்தான். இருமுறையும் சவுல் அவன் குரலை அறிந்து, மகனே என விளித்தான்; ஒருமுறை வாய்விட்டழுதான்; ஒருமுறை தான் பாவஞ்செய்ததாகவும் கூறினான். அவ்வுருக்கம் பொய்யென்று கூறுதற்கில்லை. எனினும் அது செயலாக நிலைபெறவில்லை.

இறுதிப்போருக்கு முன் சவுல் இறைவனிடம் கேட்டான். கனவாலோ, ஊரீமாலோ, தீர்க்கதரிசிகளாலோ விடை வரவில்லை. 'கேட்கப்பட்டவன்' கேட்கின்றான், மறுமொழி இல்லை. முன்னர்க் குறிசொல்வாரை நாட்டினின்று நீக்கிய அவனே மாறுவேடம் பூண்டு எந்தோரில் அத்தகைய பெண் ஒருத்தியை நாடினான். இறைவன் குரலைக் கேளாமையே இந்நிலைக்குக் காரணம் எனச் சாமுவேலின் உரு அங்கு நினைவுறுத்துகின்றது. அச்சத்தால் தரையில் வீழ்ந்த மன்னனிடம் அப்பெண், தான் அவன் குரலைக் கேட்டதாகவும், அவனும் தன் குரலைக் கேட்டு உணவு கொள்ளவேண்டுமென்றும் வேண்டுகின்றாள். முதலில் மறுத்தவன் பின்னர் அவர்தம் குரலைக் கேட்டான். சவுல் ஒரு குரலைக் கேட்டுப் பணிந்ததாக நூல் கூறும் கடைசியிடம் இதுவே. தான் தடைசெய்த தொழிலினளின் இரக்கமே அவனுக்கு இறுதி உணவளித்தது. மறுநாள் கில்போவா மலையில் அவன் மைந்தர் மூவர் மாண்டனர். அவனும் தன் வாள்மேல் வீழ்ந்து இறந்தான்.

நாளாகமம் முதல் நூலின் 10ஆம் அதிகாரம், சவுல் இறைவனிடம் கேளாமையால் இறந்தான் என்கின்றது. சாமுவேல் நூலோ அவன் கேட்டான் என்கின்றது. முரண்போலத் தோன்றும் இவற்றை இயைத்துக் காணின், இடர் வந்தபோது மட்டும் கேட்பது கேட்டலாகாது என்பதே பின்னையோர் தீர்ப்பு எனக் கொள்ளலாம்.

7. இரு அறிக்கைகள்

இனி, முதற்கண் எழுப்பிய ஐயத்திற்கு வருவோம். சவுல், தாவீது இருவரும் தாம் பாவஞ்செய்ததாக ஒப்புக்கொண்டனர்; எபிரேயத்தில் இருவர் வாயிலும் வரும் சொல்லும் ஒன்றே. வேற்றுமை, அச்சொல்லைத் தொடர்வனவற்றில் உளது. சவுலின் ஒப்புதலைத் தொடர்ந்து காரணம் வருகின்றது: மக்களுக்கு அஞ்சினேன் என்பது. மறுமுறை ஒப்புக்கொள்ளும்போது வேண்டுகோள் வருகின்றது: மூப்பர் முன்னும் மக்கள் முன்னும் தன்னை மதிப்புறச் செய்யவேண்டும் என்பது. நாத்தான் கடிந்துரைத்தபோது தாவீது கூறிய மறுமொழியோ எபிரேயத்தில் இரண்டே சொற்கள். தான் பாவஞ்செய்தமையையும், யாருக்கு எதிராகச் செய்தான் என்பதையும் அன்றி வேறொன்றும் அதில் இல்லை. பத்சேபாளையும் அவன் சுட்டவில்லை. போரின் நெருக்கடியையும் சுட்டவில்லை.

தாவீது தண்டம் பெறாது தப்பினான் என்பதும் தவறு. அவன் குழந்தை இறந்தது. அவன் வீட்டினின்று வாள் நீங்கவில்லை. மகன் அப்சலோமே அவனுக்கெதிராக எழுந்தான். ஆகவே, சவுல் சிறுபிழையால் கெட்டான் என்றும் தாவீது பெரும்பிழையினின்று தப்பினான் என்றும் கூறுவது வரலாற்றை முற்ற நோக்காத கூற்றாகும். பிழையின் அளவினும், பிழை சுட்டப்பட்டபோது செவி திறந்ததா மூடியதா என்பதனையே நூல் அளவுகோலாகக் கொண்டுள்ளது.

இதற்கு மறுப்பும் உண்டு. டேவிட் கன் என்னும் அறிஞர் 1980இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், சவுல் குற்றத்தால் வீழ்ந்தான் என்பதினும் தனக்கு மாறாக நின்ற ஊழால் வீழ்ந்தான் என்பதே பொருந்தும் என்னும் கருத்தை வலியுறுத்தினார். சாமுவேலின் கடுமையும், இறைவனின் மௌனமும் அக்கருத்துக்கு அரணாகின்றன. இம்மறுப்பை எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது. ஆயினும் நோபுவின் படுகொலைக்கு ஊழைக் காரணமாக்க எவரும் துணியார். அங்குக் காவலர் மறுத்தனர். மறுத்தல் இயலும் என்பதை மன்னன் கண்ணெதிரே காட்டினர். அவனுக்கும் அவ்வழி திறந்தே இருந்தது.

8. கிறித்தவர் பெறத்தக்க படிப்பினைகள்

முதலாவது, வழிபாடு கேட்டலுக்கு மாற்றாகாது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியிலும் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல், கேட்டலைக் குறிக்கும் சொல்லின் அடியாகவே பிறந்தது. கேட்டுச் செய்பவனைப் பாறைமேல் வீடு கட்டியவனாக இயேசு உவமித்தார். கேட்பவராக மட்டும் அமையாது செய்பவராகவும் அமையுமாறு யாக்கோபின் திருமுகம் அறிவுறுத்துகின்றது. தவறான வழியில் வந்த பொருளைக் கோயிற் காணிக்கையாக்குவதால் அப்பொருள் தூயதாகிவிடும் என்பார்க்கு, ஆட்டுக்குரலைச் சுட்டிச் சாமுவேல் கேட்ட வினாவே விடையாகும்.

இரண்டாவது, பொறுப்பில் இருப்போர் தம் அச்சத்தையும் ஆர்வத்தையும் இறைவன் கட்டளையாக்கிப் பிறர்மீது சுமத்தலாகாது. சவுலின் நோன்பாணை பசித்தவரைப் பாவத்தில் தள்ளியது. திருச்சபைத் தலைவர்கள் விதிக்கும் ஒவ்வொரு நெறியையும், இறைவன் கேட்டது இதுவோ, யாம் கேட்பது இதுவோ என வேறுபடுத்திக் காண்டல் கடன்.

மூன்றாவது, பாவ அறிக்கை மதிப்பைக் காக்கும் கருவியாதல் ஆகாது. தனி மனிதர்க்கே அன்றி நிறுவனங்கட்கும் இது பொருந்தும். பிழை வெளிப்பட்ட காலத்து, பாதிக்கப்பட்டாரை நோக்காது தம் நற்பெயரை நோக்கும் சபை, மூப்பர் முன் மதிப்பை வேண்டிநின்ற சவுலின் நிலையிலேயே நிற்கின்றது. காரணங்களும் வேண்டுகோள்களும் நீங்கி எஞ்சும் இரு சொற்களே மெய்யான அறிக்கை.

நான்காவது, சவுலை இகழ்தற்கு இவ்வரலாறு எழுதப்படவில்லை. அவன் உடல் பெத்சான் மதிலில் தொங்கவிடப்பட்டபோது, அவன் முன்னாளில் மீட்ட யாபேஸ் கிலேயாத்து வீரர் இரவெல்லாம் நடந்து சென்று அதனை மீட்டு அடக்கம் செய்தனர். அவனால் வேட்டையாடப்பட்ட தாவீதே அவனுக்காகப் புலம்பினான். நூலே அவன் நன்மையை மறவாதபோது, படிப்பவர் அவனைத் தூற்றித் தம்மை உயர்த்திக்கொள்ளல் முறையன்று.

சுருங்கக் கூறின், சவுலின் பிழைகள் பலவாயினும் வேர் ஒன்றே. அச்சம் வந்தபோது மக்களையும், அழுக்காறு வந்தபோது வெகுளியையும், நம்பிக்கை இழந்தபோது குறியையும் கேட்ட அவன், தன்னைக் கடிந்த குரலை மட்டும் கேளாது விடுத்தான். உவந்ததைக் கேட்டல் எவர்க்கும் எளிது. தன்னை மறுக்கும் சொல்லைக் கேட்டுத் திருந்துதலே கேட்டல் எனப்படும். அஃது அரசர்க்கு மட்டுமன்றி, இறைவன் குரலைக் கேட்பதாகக் கூறிக்கொள்ளும் ஒவ்வொரு கிறித்தவனுக்கும் உரிய கடன் என்க.